தீர்ப்பில் ஏறிய பெயர்கள்

கனடாவின் அகதிச் சட்டத்தைக் கற்கும் எவருக்கும் இரண்டு தமிழ்ப் பெயர்கள் விரைவிலேயே பழக்கமாகிவிடுகின்றன. ஒன்று, 1991 டிசம்பரில் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் தலைப்பில் இருப்பது. மற்றது, 1993 நவம்பரில் அதே நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் இருப்பது. இரண்டும் இலங்கைத் தமிழர் இருவரின் பெயர்கள். 'வடக்கில் உயிருக்கு ஆபத்து என்றால் கொழும்பில் போய் இருக்கலாம்தானே?' என்ற கேள்விக்கு, அதைக் கேட்பதானால் எப்படிக் கேட்கவேண்டும் என்று அந்த இரு தீர்ப்புகளும் விதி வகுத்தன. மாற்றிடத்தில் துன்புறுத்தப்படும் சாத்தியம் இருக்கக்கூடாது. அங்கே போய் வாழ் என்று சொல்வது அந்த மனிதரின் நிலையில் நியாயமானதாக இருக்கவேண்டும். குகையிலோ மலையிலோ காட்டிலோ ஒளிந்திரு என்று ஒருவரிடம் எதிர்பார்க்க முடியாது என்பதையும் இரண்டாவது தீர்ப்பு தெளிவுபடுத்தியது. கொலம்பியரும் நைஜீரியரும் பாகிஸ்தானியரும் கனடாவில் தஞ்சம் கேட்கும்போது, இன்றும் அவர்களுடைய சட்டத்தரணிகள் இந்த இரண்டு பெயர்களையும் சொல்லித்தான் வாதாடுகிறார்கள்.

இரண்டாவது தீர்ப்புக்கு 22 வருடங்களின் பின், 2015 நவம்பர் 27இல், கனடாவின் உச்ச நீதிமன்றம் இன்னொரு தமிழரின் வழக்கில் தீர்ப்பளித்தது. 2010 ஓகஸ்டில் 492 பேருடன் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்த 'சன் சீ' கப்பலில் இருந்தவர் அவர். நடுக்கடலில் எஞ்சின் அறையில் வேலை செய்தார் என்பதற்காக ஆட்கடத்தலுக்கு உதவியவர் என்று அரசு அவரை ஒதுக்கியது. தப்பியோடும் அகதிகள் ஒருவருக்கொருவர் உதவுவது ஆட்கடத்தல் ஆகாது என்று நீதிமன்றம் ஏகமனதாகச் சொன்னது. இந்தத் தீர்ப்பும் இனிப் பல நாட்டு அகதிகளுக்குக் கைகொடுக்கும். ஆனால் இதன் தலைப்பில் தமிழ்ப் பெயர் இல்லை. 'பி010' என்ற குறி மட்டுமே இருக்கிறது.

பெயர் எப்படி இலக்கமாயிற்று? அரச ஆவணங்களும் தீர்ப்புகளும் அலுமாரியிலிருந்து கணினித் திரைக்கு வந்த வரலாறு இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அந்த வரலாற்றின் முக்கியமான பக்கங்கள் பல நாங்கள் வாழும் மொன்றியலில் எழுதப்பட்டவை என்பது எங்களில் அநேகருக்குத் தெரியாது.

*

முதலில் கியூபெக்கின் சட்டத்தைப் பார்ப்போம். பத்திரிகையாளர் ஜோன் பாரே தலைமையிலான குழு 1981இல் கொடுத்த அறிக்கையை அடுத்து, 1982 யூனில் கியூபெக் தேசிய சபை ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. பொது நிறுவனங்களிடமுள்ள ஆவணங்களைப் பார்க்கும் உரிமை, தனிமனிதரின் விபரங்களைப் பாதுகாக்கும் கடமை ஆகிய இரண்டையும் அது ஒரே சட்டத்துக்குள் வைத்தது. இவ்விரண்டையும் கண்காணிக்க ஒரே ஆணைக்குழுவையும் அமைத்தது. கனடிய சமஷ்டி அரசின் தகவல் அணுகற் சட்டமும் தனிநபர் அந்தரங்கச் சட்டமும் அதற்கு அடுத்த வருடம், 1983 யூலை 1இல் நடைமுறைக்கு வந்தன.

கியூபெக் சட்டத்தில் எங்களைப் போன்றவர்கள் கவனிக்கவேண்டிய ஒரு சொல் உண்டு. உரிமை 'எவருக்கும்' என்று அது சொல்கிறது. குடியுரிமை, வதிவிட உரிமை எதையும் கேட்கவில்லை. நேற்று வந்திறங்கிய அகதியும் ஒரு நகரசபையிடமோ பாடசாலைச் சபையிடமோ ஆஸ்பத்திரியிடமோ ஆவணம் கேட்கலாம். சமஷ்டிச் சட்டம் அப்படித் தொடங்கவில்லை. குடிமக்களுக்கும் நிரந்தர வதிவிடம் பெற்றவர்களுக்கும் மட்டுமே என்றிருந்த அந்த உரிமை, 1989இல்தான் கனடாவினுள் இருக்கும் எல்லோருக்கும் விரிக்கப்பட்டது.

கேள்வி கேட்டால் 20 நாட்களுக்குள் பதில் வரவேண்டும். மேலும் 10 நாள் அவகாசம் எடுக்கலாம். பதிலே வராவிட்டால் அது மறுப்பாகக் கொள்ளப்படும். மறுப்புக் கிடைத்தவர் 30 நாட்களுக்குள் ஆணைக்குழுவிடம் போகலாம். ஆணைக்குழு விசாரித்துக் காரணங்களோடு எழுத்தில் தீர்ப்புச் சொல்லும். இந்தத் தீர்ப்புத்தான் இங்கே முக்கியமானது. சட்டம் பொதுப்படையாகப் பேசும். எந்தக் கடிதம், எந்த ஒப்பந்தம், எந்தப் பரிசோதனை அறிக்கை கொடுக்கப்படவேண்டும் என்பதைத் தீர்ப்புகளே வரிவரியாகத் தீர்மானிக்கின்றன. ஒரு வாடகைக் குடியிருப்பாளர் தன் கட்டடத்தின் பரிசோதனை அறிக்கைக்காக வாதாடி வென்றால், அடுத்த தெருவில் இருப்பவர் வாதாடத் தேவையில்லை. அந்தத் தீர்ப்பைக் காட்டினால் போதும். ஆனால் அடுத்த தெருவில் இருப்பவருக்கு அப்படியொரு தீர்ப்பு இருப்பது தெரிந்திருக்கவேண்டும். உரிமை சட்டத்தில் இருந்தும் கையில் இல்லாமற் போவது இந்த இடத்தில்தான்.

*

அந்தக் காலத்தில் தீர்ப்புகள் எங்கே இருந்தன? நீதிமன்றப் பதிவகத்தில் இருந்தன. பெரிய சட்ட நிறுவனங்களின் நூலகத்தில், தோல் அட்டை போட்ட தொகுதிகளில் இருந்தன. கியூபெக்கில் இதற்கென 1970களின் நடுவில் சொக்கிஜ் என்ற அரச நிறுவனம் உருவாக்கப்பட்டது. தீர்ப்புகளைத் திரட்டுவதும் அவற்றில் முக்கியமானவற்றைத் தெரிந்து வெளியிடுவதும் அதன் வேலை. தெரிந்தெடுக்கப்படாத தீர்ப்பு சட்டப்படி பொதுச் சொத்துத்தான். நடைமுறையில் எவர் கண்ணிலும் படாது.

எங்கள் மக்கள் இந்த நகருக்கு வந்து சேர்ந்தது இந்தக் காலத்தில்தான். 1985 ஏப்பிரல் 4இல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அகதிக் கோரிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் நேரில் பேசும் வாய்ப்புக் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த வருடம் ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக்கு அப்பால் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மீட்கப்பட்டனர். 1989 ஜனவரி 1இல் குடிவரவு அகதிகள் சபை வேலையைத் தொடங்கியது. கோட் டே நேஜிலும் பார்க் எக்ஸ்ரென்சனிலும் சென்ட் லோரன்டிலும் ஓர் அறையில் நாலைந்து பேராக இருந்தவர்கள் ஒவ்வொருவராக விசாரணைக்குப் போய் வந்தார்கள்.

அந்த விசாரணை மூடிய கதவுக்குள் நடப்பது. அது சரியானதுமாகும். ஆனால் கதவு மூடியிருந்ததால் சட்டம் எங்களுக்குச் செவிவழிக் கதையாகவே வந்தது. எந்த 'ஜட்ஜ்' இரக்கமுள்ளவர், எந்தக் கேள்விக்கு எப்படிச் சொல்லவேண்டும், எந்த ஊர்ப்பெயரைச் சொன்னால் நம்புவார்கள் என்பதெல்லாம் கோப்பிக் கடைகளிலும் தொழிற்சாலையின் இடைவேளைகளிலும் பரிமாறப்பட்டன. உண்மையில் நடந்ததைச் சொன்னாலே வென்றிருக்கக்கூடியவர்கள், பக்கத்து அறைக்காரரின் வென்ற கதையை இரவல் வாங்கித் தோற்றார்கள் என்ற பேச்சும் அக்காலத்தில் இருந்தது. கொழும்பு பற்றிய அந்த இரு தீர்ப்புகளும் அன்று இந்த அறைகளில் இருந்தவர்களுக்குத் தமிழில் சொல்லப்பட்டிருக்குமானால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்! தீர்ப்பு எங்களவரின் பெயரைச் சுமந்தது. எங்களவரின் வாசிப்புக்கு வரவில்லை.

*

மாற்றம் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தது. 1992இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் இருவர் சட்டங்களையும் தீர்ப்புகளையும் இன்ரநெற்றில் இலவசமாகப் போடத் தொடங்கினார்கள். மறுவருடம் 1993இல் மொன்றியல் பல்கலைக்கழகத்தின் பொதுச் சட்ட ஆய்வு மையத்தில் பேராசிரியர் டானியல் பூலான் தலைமையிலான குழு கனடிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை அவ்வாறு வெளியிட முன்வந்தது. பின்னர் லெக்சம் எனப் பெயர் பெற்றது இந்தக் குழுதான். அவுஸ்திரேலியர் 1995இல் இதே பாதையில் வந்தார்கள்.

கியூபெக்கின் சொந்த நீதிமன்றங்களின் தீர்ப்புகளுக்கு ஒரு வழக்கே தேவைப்பட்டது. மொன்றியலின் பழைய சட்டநூற் பதிப்பகமான வில்சன் எ லாஃப்ளர், எல்லாத் தீர்ப்புகளும் தனக்குக் கிடைக்கவேண்டும் என்று சொக்கிஜ் நிறுவனத்துக்கு எதிராக வழக்காடியது. 2000இல் கியூபெக் மேன்முறையீட்டு நீதிமன்றம் பதிப்பகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிமன்றத் தீர்ப்பு, அதைத் திரட்டி வைத்திருக்கும் நிறுவனத்தின் தனிச்சொத்து அல்ல என்பதே அதன் சாரம். இரண்டு வியாபார நிறுவனங்களின் சச்சரவு போலத் தோன்றினாலும், அதன் பயன் வழக்கோடு சம்பந்தமில்லாத சாதாரண வாசகருக்கும் வந்து சேர்ந்தது.

அதே காலத்தில் கனடாவின் சட்டத்தரணிகள் சங்கங்களின் சம்மேளனம், உறுப்பினர்களின் சந்தாப் பணத்தைக்கொண்டு கன்லி என்ற இலவசத் தளத்தைத் தொடங்கியது. அதைக் கட்டியவர்கள் லெக்சம் குழுவினர். 2002 ஒக்ரோபரில் பல நாடுகளின் இத்தகைய அமைப்புகள் மொன்றியலில் கூடி ஒரு பிரகடனம் செய்தன. பொதுச் சட்டத் தகவல் மனித குலத்தின் பொது மரபு என்றும், அது எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கவேண்டும் என்றும் அது கூறியது. சட்ட உலகில் அது மொன்றியல் பிரகடனம் என்றே அறியப்படுகிறது.

2008இல் கியூபெக் அரசு இன்னுமோர் அடி வைத்தது. அமைச்சுகளும் அரச நிறுவனங்களும் எவர் கேட்பார் என்று காத்திராமல் பலவகை ஆவணங்களைத் தம் தளங்களில் போடவேண்டும் என ஓர் ஒழுங்குவிதி கொண்டுவரப்பட்டது. தகவல் கேட்டவருக்குக் கொடுத்த ஆவணங்களும், பொதுமக்களுக்கு அக்கறையுள்ளவையாக இருந்தால், அவற்றுள் அடங்கும். தகவல் ஆணைக்குழுவின் தீர்ப்புகளையும் இன்று எவரும் தேடி வாசிக்கலாம். சென்ட் லோரன்டின் தீமென்ஸ் வீதியில் 2013இல் திறந்த புவாசே நூலகத்தில் ஒரு கணினிக்கு முன் இருப்பவர், முப்பது வருடங்களுக்கு முன் பெரிய சட்ட நிறுவனங்களுக்கு மட்டும் கிடைத்ததைக் காசில்லாமல் பார்க்கிறார். இது சிறிய காரியமல்ல.

*

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. அந்த விலையை அகதிகள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

அகதிகள் சபையின் விசாரணை இரகசியமானது என்றேன். சபை வெளியிடும் தீர்ப்புகளிலும் பெயர் நீக்கப்பட்டிருக்கும். ஆனால் சபை மறுத்தபின் சமஷ்டி நீதிமன்றத்துக்குப் போனால் அது திறந்த நீதிமன்றம். பெயர் தலைப்பில் ஏறும். எந்த இயக்கம் பிடித்தது, எந்த முகாமில் அடித்தார்கள், தம்பி எங்கே இருக்கிறான், பெண்ணாயின் அவளுக்கு என்ன நடந்தது என்பவை தீர்ப்பின் முதற் பந்திகளில் வரும். 1991இலும் இவை பகிரங்கமானவைதான். ஆனால் அவற்றைப் பார்க்க ஒருவர் சட்ட நூலகத்துக்குப் போய்த் தொகுதியின் இலக்கம் சொல்லி எடுக்கவேண்டும். அந்தச் சிரமமே ஒரு வேலியாக இருந்தது. இன்ரநெற் வந்ததும் வேலி விழுந்தது. கொழும்பில் ஓர் அலுவலகத்தில் இருப்பவரோ, இங்கே வேலை கொடுக்க யோசிக்கும் முதலாளியோ, கலியாணம் பேசும் வீட்டாரோ பெயரைத் தட்டினால் போதும் என்ற நிலை சாத்தியமாயிற்று.

கன்லி இதை முன்கூட்டியே உணர்ந்து, பொதுவான தேடுபொறிகள் தீர்ப்புகளின் உள்ளே நுழையாதபடி தன் தளத்தை அமைத்திருந்தது. தளத்துக்கு வந்து தேடுபவருக்குத் தீர்ப்புக் கிடைக்கும். வெறுமனே ஒரு பெயரைத் தேடுபவருக்கு அகப்படாது. ருமேனியாவிலிருந்து இயங்கிய குளோப்24எச் என்ற தளம் இந்த வேலியைத் தாண்டியது. கனடிய நீதிமன்றங்களினதும் சபைகளினதும் தீர்ப்புகளைப் பிரதி பண்ணித் தேடுபொறிகளுக்குத் திறந்துவிட்டது. பெயரை நீக்கக் கேட்டவர்களிடம் காசு கேட்டது. முறைப்பாடுகள் குவிந்தன. 2017 ஜனவரி 30இல் சமஷ்டி நீதிமன்றம் அந்தத் தளத்தின் செயல் கனடாவின் அந்தரங்கச் சட்டத்தை மீறுவதாகத் தீர்ப்பளித்துப் பெயர்களை நீக்க உத்தரவிட்டது. முறையிட்டவருக்கு 5,000 டொலர் நட்டஈடு வழங்கியது. அந்தத் தீர்ப்பிலும் அவர் 'ஏ.ரி.' என்ற எழுத்துகளால்தான் குறிப்பிடப்படுகிறார்.

பி010 என்ற குறியை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கவேண்டும். அகதி வழக்கில் பெயரை மறைக்கும்படி கேட்கும் வழியைச் சமஷ்டி நீதிமன்றத்தின் குடிவரவு விதிகளே 2021இல் வெளிப்படையாக வகுத்துக் கொடுத்தன. இதை ஒரு பின்னடைவு என்று கொள்ளமுடியாது. தீர்ப்பின் நியாயம், காரணம், சாட்சியத்தை நீதிபதி எடைபோட்ட விதம் எல்லாம் திறந்தே இருக்கின்றன. அடுத்த அகதிக்குத் தேவையானது முழுதும் அங்கே உண்டு. அவருக்குத் தேவையில்லாத ஒன்று மட்டும் மூடப்பட்டிருக்கிறது.

*

இதே கேள்வியை எங்கள் ஊருக்குக் கொண்டுபோனால் அது தலைகீழாகிவிடுகிறது.

திருகோணமலைக் கடற்கரையில் 2006 ஜனவரியில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டதையும், அதே வருடம் மூதூரில் 17 தொண்டுப் பணியாளர் கொல்லப்பட்டதையும் உடலாகம ஆணைக்குழு விசாரித்தது. அதன் அறிக்கை 2009இல் ஜனாதிபதியிடம் கையளிக்கப்பட்டது. அது பகிரங்கமாக்கப்பட்டது 2015 ஒக்ரோபரில். ஆறு வருடங்கள் அந்தப் பெற்றோருக்குத் தங்கள் பிள்ளைகளைப் பற்றி அரசு என்ன எழுதி வைத்திருக்கிறது என்பது தெரியாது.

இலங்கையின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். அது 2017 பெப்ரவரி 3இல் நடைமுறைக்கு வந்தது. அதன் ஆணைக்குழு துணிவான சில தீர்ப்புகளைச் சொல்லித்தான் இருக்கிறது. சொத்து விபரம் சமர்ப்பித்த பாராளுமன்ற உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிடவேண்டும் என்று 2021இல் அது சொன்னது. பாராளுமன்றம் இணங்காமல் வழக்குக்குப் போக, 2023இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் ஆணைக்குழுவின் முடிவையே உறுதிசெய்தது. ஆணைக்குழு தன் தீர்ப்புகளை இணையத்திலும் போடுகிறது. ஆனால் கேட்கும் உரிமை இலங்கைக் குடிமக்களுக்கே. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்ததால் இலங்கைக் குடியுரிமையை இழந்த எங்களில் பலர், எங்கள் ஊர்ப் பிரதேச சபையிடம் ஒரு கேள்வி கேட்கமுடியாது. மற்றவர் கேட்டுப் பெற்ற பதிலைத் தூரத்திலிருந்து வாசிக்கத்தான் முடியும். நேற்று வந்த எங்களுக்குக் கியூபெக் கொடுத்த உரிமையைப் பிறந்த நாடு தரவில்லை.

அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே பெப்ரவரியில்தான் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரத்தில் பந்தலிட்டு அமர்ந்தார்கள். அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று, 2009 மே மாதம் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல். அவ்வருடம் யூனில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவர்களைச் சந்தித்துப் பட்டியல் வெளிவர ஆவன செய்வதாகச் சொன்னார். அவர் பதவிக்காலம் முடிந்தது. தாய்மார் கேட்ட பட்டியல் வரவில்லை.

கனடாவில் ஒரு தமிழரின் பெயர் தீர்ப்பில் வரக்கூடாது என்று வாதாடவேண்டியிருக்கிறது. முல்லைத்தீவில் ஒரு தமிழரின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கவிடுங்கள் என்று வாதாடவேண்டியிருக்கிறது. இரண்டு பேரும் ஒரே வீட்டின் பிள்ளைகளாகவும் இருக்கலாம். இவை ஒன்றையொன்று மறுக்கும் கோரிக்கைகள் அல்ல. ஒரு மனிதரைப் பற்றி அரசு எழுதி வைத்திருப்பதை அந்த மனிதரும் அவருக்குரியவர்களும் பார்க்கவேண்டும். அவருக்குத் தீங்கு நினைப்பவர் பார்க்கக்கூடாது. அரசு தான் செய்ததற்கான காரணத்தை எல்லோருக்கும் சொல்லவேண்டும். கியூபெக் 1982இல் இரண்டு உரிமைகளையும் ஒரே சட்டத்துக்குள் வைத்தபோது இந்த இணைப்பை ஏற்றுக்கொண்டது. எங்கள் அனுபவம் அது சரியென்பதற்குச் சாட்சி.

*

ஆகவே எங்களுக்கு இங்கே இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, இந்தத் தீர்ப்புகளைத் தமிழில் சொல்வது. கன்லியில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் திறந்து கிடப்பது எங்கள் முதியவர்களுக்கு இன்னும் பூட்டியே கிடக்கிறது. கொழும்பு பற்றிய அந்த இரு தீர்ப்புகளையும், பி010 தீர்ப்பையும், கியூபெக் ஆணைக்குழுவின் வாடகை, பாடசாலை, ஆஸ்பத்திரி சம்பந்தமான சில தீர்ப்புகளையும் சுருக்கித் தமிழில் தர ஒரு சிறு குழு போதும். எங்களவரின் துன்பத்திலிருந்து பிறந்த சட்டம் எங்கள் மொழியில் இல்லாதிருப்பது சரியல்ல.

மற்றது இன்னும் அவசரமானது. 1989க்கும் 2012க்கும் இடையில் தஞ்சம் கேட்ட ஒவ்வொருவரும் 'பி.ஐ.எஃப்.' என்று நாங்கள் சொல்லும் தனிப்பட்ட விபரப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார்கள். பிறந்த ஊர், படித்த பாடசாலை, இடம்பெயர்ந்த திகதிகள், பிடிபட்டது, விடுபட்டது, கடல் கடந்தது எல்லாம் அதில் இருக்கின்றன. பல குடும்பங்களில் இதுதான் எழுத்திலுள்ள ஒரே வரலாறு. பிள்ளைகளுக்குச் சொல்லப்படாதவை பல அதற்குள் இருக்கின்றன. அரசிடமுள்ள தன் கோவையை ஒருவர் அந்தரங்கச் சட்டத்தின் கீழ்க் கட்டணமின்றிக் கேட்கலாம். அது அவருடைய உரிமை. ஒருவர் இறந்துவிட்டாலோ, 20 வருடம் கழியும்வரை அவருடைய விபரங்கள் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள்ளேயே இருக்கும்; பிள்ளைகள் கேட்டாலும் காரியம் சிக்கலாகும்.

என்பதுகளில் இருபது வயதில் வந்தவர்கள் இப்போது அறுபதை நெருங்கிவிட்டார்கள் அல்லது தாண்டிவிட்டார்கள். கேட்பவர் கேட்டுப் பெற்றபின், அதைப் பிள்ளையிடம் கொடுப்பதா, பூட்டி வைப்பதா, கிழித்தெறிவதா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். ஆனால் தீர்மானிப்பவர் அவராக இருக்கவேண்டும் என்றால், இப்போதே கேட்கவேண்டும்.